நோயாளியைக் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் பிடித்து வைக்கும் பட்டைகள்: பயன்படுத்துமுன் தெரிய வேண்டியவை

அம்பாங்: பக்கவாதத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும் அப்பா, மறதி நோயால் நடு இரவில் எழுந்து வாசலைத் தேடும் பாட்டி, சாப்பாட்டுக் குழாயை மூக்கிலிருந்து பிடுங்கி எறியும் அம்மா. இப்படி ஒருவர் இருக்கும் வீட்டில் கைலியோ பழைய சேலையோ கட்டும் துணியாக மாற அதிக நாளாவதில்லை. பிள்ளைகள் வேலைக்குப் போக வேண்டும். பணிப்பெண் வைக்க வசதி போதாது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் என்ற பயம் வேறு. அதனால் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பாசம் இல்லாதவர்கள் அல்லர்.

இப்போது மருத்துவச் சாதனக் கடைகளிலும் ஷோப்பி, லஸாடா போன்ற இணையத் தளங்களிலும் இதற்கென்றே தைத்த பட்டைகள் கிடைக்கின்றன. கைலியைவிட இவை மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பொட்டலத்தில் வரும் இரண்டு வரிக் குறிப்பை மட்டும் நம்பி இவற்றைப் பயன்படுத்துவது ஆபத்து.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர் தாமே கழற்ற முடிந்தால் அது பெல்ட். அவரால் கழற்ற முடியாது என்றால் அது கட்டு. இரண்டும் ஒரே கடையில், ஒரே துணியில், ஏறக்குறைய ஒரே விலையில் இருக்கலாம். தமிழில் காயத்துக்குப் போடுவதும் கட்டு, கைதிக்குப் போடுவதும் கட்டு. நம் வீட்டில் போடுவது எது என்பதை அந்தக் கழற்றும் கையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

சக்கர நாற்காலியின் இடுப்புப் பெல்ட்தான் அதிகம் விற்பது. அது வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பின் மேல் படிந்து, அங்கிருந்து இருக்கையின் பின் மூலையை நோக்கிச் சாய்வாக, சுமார் 45 பாகையில் இறங்க வேண்டும். காரில் போடும் பெல்ட்டின் கீழ்ப்பகுதியைப் போல. வயிற்றின் மேல் கட்டினால் நோயாளி மெல்ல முன்னால் வழுக்குவார், பெல்ட் நெஞ்சுக்கு ஏறும், அங்கிருந்து கழுத்துக்கு. வழுக்கும் பழக்கம் உள்ளவருக்குப் பெல்ட்டை இறுக்குவதைவிட, முன்பக்கம் சற்று உயர்ந்த மெத்தையும் வழுக்காத விரிப்பும் நல்லது. கால் மிதிகள் சரியான உயரத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாதம் தொங்கினால் உடல் தானாகவே முன்னால் வரும்.

அடுத்தது கையில்லாச் சட்டை போன்ற மேலாடை. இதன் வார்களைக் கட்டிலின் இரு பக்கமும் கட்டுவார்கள். முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டுவிட்டால் நோயாளி கீழே வழுக்கும்போது கழுத்துப் பகுதி தொண்டையை நெரிக்கும். அளவு பெரிதானாலும் இதே கதிதான். எனவே எது முன், எது பின், எந்த அளவு என்று தயாரிப்பாளர் தைத்திருக்கும் துணிச்சீட்டைக் கத்தரிக்கக் கூடாது.

குழாயைப் பிடுங்குபவர்களுக்கு விரல்கள் அனைத்தையும் மூடும் பஞ்சுக் கையுறை போதும். அதை எங்கும் கட்ட வேண்டியதில்லை. கை அசையும், விரல் மட்டும் பிடிக்காது. அப்போதும் அடிக்கடி கழற்றி, விரல்களின் நிறத்தையும் வீக்கத்தையும் பார்க்க வேண்டும். மணிக்கட்டையும் கணுக்காலையும் கட்டும் பட்டைகள் மருத்துவமனைக்கு உரியவை. அவற்றை வீட்டில் வைத்திருக்க எனக்குத் தெரிந்து எந்த நியாயமும் இல்லை.

ஜெர்மனியின் சேகுஃபிக்ஸ் பட்டைகளில் முடிச்சுக்குப் பதில் காந்தச் சாவியால் திறக்கும் பூட்டு உண்டு. அந்த நாட்டில் இத்தகைய கட்டு எவ்வளவு கனமான விஷயமாகப் பார்க்கப்படுகிறது என்பதற்கு 2018 ஜூலை 24 அன்று வந்த தீர்ப்பு ஒன்றே போதும். இரு கை, இரு கால், இடுப்பு என்று ஐந்து இடங்களில் ஒரு நோயாளியைச் சுமார் அரை மணி நேரத்துக்கு மேல் கட்டி வைக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும் என்று அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் கூறிவிட்டது.

அரை மணி நேரத்துக்கு நீதிபதியா என்று தோன்றலாம். காரணம் உண்டு. மேலாடையாலும் பட்டையாலும் நேர்ந்த 122 மரணங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1992 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த முதியவர்கள். கட்டிலிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ வழுக்கி, பட்டையில் தொங்கிய நிலையில் மூச்சு முட்டி இறந்தவர்கள். கட்டிலின் பக்கக் கம்பிகளும் பாதுகாப்பானவை அல்ல. 1985 முதல் 2009 வரை கம்பிகளுக்கு இடையில் சிக்கியவர்கள் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கு வந்த 803 புகார்களில் 480 பேர் இறந்திருந்தனர். விழாமல் இருக்கப் போட்ட கம்பி அது.

உயிர் போகாவிட்டாலும் உடல் கெடும். அசையாமல் கிடப்பவருக்குப் படுக்கைப்புண், மலச்சிக்கல், காலில் இரத்தக்கட்டு, நெஞ்சுச் சளி எல்லாம் வரும். தசை சுருங்கும். கட்டை அவிழ்க்கும் நாளில் அவர் முன்னைவிட எளிதாக விழுவார்.

மருத்துவர் சொல்லி, வேறு வழியில்லாமல் கட்ட நேர்ந்தால் தாதியர் கடைப்பிடிக்கும் முறை இதுதான். பட்டைக்கும் உடலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு அல்லது கிளிப் மட்டுமே. குருட்டு முடிச்சு கூடாது. வாரைக் கட்டிலின் சட்டத்தில் கட்ட வேண்டும், ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் அல்ல. கம்பியை இறக்கினால் கட்டியவர் உடலும் சேர்ந்து இழுபடும். மல்லாக்கக் கட்டிவிட்டுப் போனால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் அவிழ்த்து, கைகாலை அசைத்து, தண்ணீர் கொடுத்து, கழிப்பறைக்குக் கூட்டிப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டப்பட்டவரை வீட்டில் தனியாக விடவே கூடாது. கடைக்கு ஒரு எட்டுப் போய் வருவதற்கும் இது பொருந்தும்.

தோட்டத்து லயத்தில் இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. பெரியவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவர் எழுந்தால் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக் குரல் கொடுப்பார். அம்பாங், பாண்டான் இண்டா அடுக்குமாடிகளில் கதவும் கிரில்லும் பூட்டியிருக்க, உள்ளே யார் எப்படி இருக்கிறார் என்று எதிர்வீட்டுக்குத் தெரியாது. பூட்டிய வீட்டில் கட்டிய மனிதர் என்றால் தீ விபத்தில் என்ன ஆகும்?

அதற்கு விடை ஏர்வாடியில் இருக்கிறது. நம்மவர் பலரும் அறிந்த தர்கா உள்ள ஊர், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தனர். அவர்களைச் சேர்த்துவிட்டுப் போனவர்களில் பலர் குணமாகும் என்று நம்பிய சொந்தக் குடும்பத்தினர்தாம்.

அந்தச் சம்பவத்தை உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இந்தியாவின் 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. வேறு வகையில் கட்டுவதும் உடனடி ஆபத்தைத் தடுக்க அது ஒன்றே வழி என்னும்போது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு நடக்க வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறையைக் காட்டியும் கட்டக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் வீட்டுக்கும் இல்லத்துக்கும் உறைக்க வேண்டியது. நாம் கட்டுவது பெரும்பாலும் ஆள் இல்லாததால்தான்.

மலேசியாவில் மனநல சிகிச்சைக்கு 2001 ஆம் ஆண்டு மனநலச் சட்டம் உண்டு. முதியோர் இல்லங்கள் 1993 ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். 2018 இல் முதியோருக்கான தனியார் சுகாதார இல்லங்களுக்குத் தனிச் சட்டமும் வந்தது. அம்பாங் வட்டாரத்தில் சாதாரண மாடி வீட்டில் நடக்கும் இல்லத்தில் பெற்றோரைச் சேர்க்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர், யாரையாவது கட்டுவீர்களா, கட்டினால் குடும்பத்திடம் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். முடிந்தால் சொல்லாமல் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள்.

மருத்துவமனையில் அப்பாவின் கை கட்டப்பட்டிருப்பதைக் கண்டு தாதியிடம் சண்டைக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. கோபம் இயல்புதான். ஆனால் ஏன் கட்டினீர்கள், எப்போது அவிழ்ப்பீர்கள், மருத்துவர் எழுதியிருக்கிறாரா என்று கேட்பது அதிகப் பலன் தரும். குடும்பத்தில் ஒருவர் இரவில் கூட இருக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பல முதியவர்கள் தாமாகவே அடங்கிவிடுகிறார்கள்.

நேற்று வரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று உளறி, எழுந்து, குழாயைப் பிடுங்குகிறார் என்றால் அது பெரும்பாலும் பிடிவாதமோ காத்து கருப்போ அல்ல. சிறுநீர்க் கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வலி, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். பட்டை வாங்குமுன் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். கண்ணாடியும் காதுக் கருவியும் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதற்குச் செலவே இல்லை. இரவில் விழுகிறவருக்குக் கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் மெத்தை போடலாம். நம் பாட்டன்மார் பாயில் படுத்தவர்கள்தாமே. சிறு விளக்கு ஒன்றை எரிய விட்டு, படுக்குமுன் கழிப்பறைக்குக் கூட்டிப் போனால் பாதிப் பிரச்சினை தீரும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சமூக நல இலாகாவில் மாத உதவித்தொகை உண்டு. வசதி குறைந்தவர்களுக்குத் துணைக்கருவி வாங்கவும் உதவி உண்டு. மாற்றுத்திறனாளி அட்டை இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதியவர் ஒருவர் எங்கேனும் கட்டிப் போடப்பட்டு வதைபடுவதாகத் தெரிந்தால் தாலியான் காசே 15999 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தகவல் சொல்லலாம்.