கோலாரின் ஆழமும் பிட்காயினின் கடினநிலையும்

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளியான பிட்காயின் ஆய்வறிக்கை, தங்கச் சுரங்கத் தொழிலாளரை ஓரிடத்தில் உவமையாகச் சுட்டுகிறது. தொடக்ககால மென்பொருளிலோ அச்செயலின் பெயர் ‘நாணயங்களை உருவாக்கு’ என்பதே. பின்னர் உவமை பெயரை விழுங்கியது, ‘மைனிங்’ நிலைத்தது. சொற்பொருள் மாற்றத்தைப் பயில்வோருக்கு இது பழகிய நிகழ்வு. ஆனால் இவ்வுவமை வழிதவறவும் செய்கிறது. இங்கே மான்குர்த்தில் மாணவர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் முதற்கேள்வி, ‘கணினிகள் பெருகினால் நாணயங்களும் விரைவாகப் பெருகுமல்லவா?’ என்பதுதான். சுரங்கம் என்ற சொல்லே அக்கேள்வியைப் பிறப்பிக்கிறது.

உண்மையான சுரங்கத்தை அறியத் தமிழர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலார் தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டியபோது, வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்களே, அவர்களுள் பெரும்பகுதியினரான தலித் மக்களே, ஆழத்தில் இறங்கினர். அச்சுரங்கத்திற்காகவே 1902இல் சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் எழுந்தது; ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவுக்கு மின்கம்பி இழுக்கப்பட்டது. ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியது. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அங்கே கடினத்தை விதித்தது பாறை. ஆயினும் கூடுதலாக உழைத்த நாளில் கூடுதலாகத் தங்கம் கிடைத்தது.

பிட்காயினில் கடினத்தை விதிப்பது கணக்கு. ஒவ்வொரு பிளாக்குக்கும், குறித்த இலக்கைவிடச் சிறிய ஹாஷ் எண்ணைத் தேடிக் கண்டடைய வேண்டும். இலக்கு சிறுத்தால் தேடல் கடினமாகும். 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, கழிந்த காலம் இரண்டு வாரத்துடன் ஒப்பிடப்படும். விரைவாக முடிந்திருந்தால் கடினநிலை ஏறும், தாமதித்திருந்தால் இறங்கும், ஒரே தடவையில் நான்கு மடங்குக்கு மேல் மாறாது. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்பதே குறிக்கோள். எனவே கடினநிலை ஏறும்போது சங்கிலி வேகமாக நீள்வதில்லை. அதை அழித்தெழுத முயல்பவர் செலவிட வேண்டிய தொகைதான் உயர்கிறது.

இந்தக் கடிவாளமும் முழுமையானதன்று. கடினநிலைக்கு 1 என்னும் தரைமட்டம் உண்டு. 2009இல் இயங்கிய கணினிகள் மிகச் சில. ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் வரவேண்டிய பிளாக்குகள் முப்பத்திரண்டாயிரம் அளவிலேயே நின்றன. முதல் ஏற்றம் நிகழ்ந்தது 2009 டிசம்பர் 30 அன்று, 32,256ஆம் பிளாக்கில். அதன்பின் நிலைமை தலைகீழானது. திருத்தம் எப்போதும் நடந்து முடிந்ததைப் பார்த்தே செய்யப்படுவதால், கணிப்புத்திறன் வளர்ந்துகொண்டிருக்கும் வரை சங்கிலி சற்று முந்தியே ஓடுகிறது. பத்து நிமிடக் கணக்குப்படி 2024 டிசம்பரில் வரவேண்டிய 8,40,000ஆம் பிளாக், ஏப்ரல் 20 அன்றே வந்துவிட்டது. முதலாண்டின் பின்னடைவையும் ஈடுகட்டி எட்டு மாத முந்துதல்! இந்தச் சிறு சாய்வைப் பலர் கவனிப்பதில்லை.

விதி பிசகினால் என்னவாகும் என்பதற்கு 2017 ஆகஸ்ட் 1 அன்று பிரிந்துசென்ற பிட்காயின் கேஷ் சான்று. கணினிகள் தன்னைக் கைவிட்டுவிடுமோ என்ற அச்சத்தில், ஆறு பிளாக்குகள் வரப் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலானால் கடினநிலையை 20 சதவீதம் குறைக்கும் அவசர விதியை அது வைத்திருந்தது. மைனர்கள் அதைக் கற்றுக்கொண்டனர்: விலகியிருப்பது, கடினநிலை சரிந்ததும் மொத்தமாகப் பாய்வது, அள்ளிக்கொண்டு மீண்டும் விலகுவது. சங்கிலி ஆயிரக்கணக்கான பிளாக்குகள் முந்திப் பாய்ந்தது. நவம்பர் 13 அன்று விதியையே மாற்ற நேர்ந்தது. மாறாக, 2021இல் சீன அரசு மைனிங்கை ஒடுக்கியபோது பிட்காயினின் கணிப்புத்திறன் ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. ஜூலை 3 அன்று கடினநிலை சுமார் 28 சதவீதம் இறங்கியது, அதுவரை காணாத வீழ்ச்சி. சில வாரம் பிளாக்குகள் தாமதித்தன, அவ்வளவே.

ஆகவே கோலாரைப் போலப் பிட்காயின் ஒருநாள் மூடப்படும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதன்று. என் கவலை வேறு. ஒரு பிளாக்குக்குக் கிடைக்கும் புதிய நாணயம் 50இலிருந்து 2024இல் 3.125 ஆகச் சுருங்கிவிட்டது. விலையும் பரிமாற்றக் கட்டணமும் இழப்பை ஈடுசெய்யாவிட்டால் கணினிகள் அணையும், கடினநிலை இறங்கும், சங்கிலியோ அதே வேகத்தில் நீளும். காவல் மட்டும் மெலியும். கோலாரில் எடுத்த தங்கம் தங்கமாக இருக்க எவரும் தொடர்ந்து தோண்ட வேண்டியதில்லை. இங்கே 2009இன் நாணயத்தைக் காக்கவும் இன்றைய மின்கட்டணத்தை எவரோ செலுத்தியாக வேண்டும்.

அந்த எவரோ இந்தியாவில் இருக்கும் வாய்ப்பு குறைவு. 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய சொத்துகளின் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி. மைனிங் உள்கட்டமைப்புக்குச் செலவிட்டதை அடக்கவிலையில் சேர்க்க இயலாது என்று நிதியமைச்சகம் அவ்வாண்டே நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியிருக்கிறது.