கோல்ஃப் மட்டைவீச்சு முறைகளின் வரலாறு

கோல்ஃப் அல்லது குழிப்பந்தாட்டத்தில், பந்தை அடிப்பதற்காக ஆட்டக்காரர் மட்டையைப் பின்னுக்கு உயர்த்தி, கீழே இறக்கி, முன்னோக்கிச் சுழற்றும் அசைவு மட்டைவீச்சு எனப்படும். எல்லோருக்கும் பொருந்தும் சரியான வீச்சு ஒன்று உண்டா என்பது இவ்வாட்டத்தின் நீண்டகால விவாதங்களுள் ஒன்று.

மரத்தண்டுக் காலம்

இசுக்காட்லாந்தில் 1457 ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் தடை விதிக்கும் அளவுக்கு கோல்ஃப் பரவியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் மட்டையின் தண்டு ஹிக்கரி மரத்தால் செய்யப்பட்டது. வீசும்போது மரத்தண்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் பின்வீச்சில் மணிக்கட்டால் மட்டைமுகத்தைத் திறந்து, இறங்கும்போது மீண்டும் மூட வேண்டியிருந்தது. உடலைச் சுற்றித் தட்டையாகச் செல்லும் இவ்வீச்சு செயின்ட் ஆண்ட்ரூசு வீச்சு எனப் பெயர் பெற்றது.

சானல் தீவுகளுள் ஒன்றான யேர்சியில் பிறந்த ஹாரி வார்டன், மட்டையைச் சற்றுச் செங்குத்தாக உயர்த்தி ஆடினார். 1896 முதல் 1914 வரை ஆறு முறை பிரித்தானிய ஓப்பன் பட்டம் வென்றார். ஒரு கையின் சுண்டுவிரலை மறுகை விரலின்மேல் வைக்கும் பிடி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அவருக்கு முன்பே ஜானி லெய்ட்லே அதைப் பயன்படுத்தியிருந்தார்.

எஃகுத்தண்டின் வரவு

எஃகுத்தண்டுகளை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920களில் ஏற்றது. செயின்ட் ஆண்ட்ரூசு ஆட்சியமைப்பு 1929 இல் அனுமதித்தது. எஃகு குறைவாகவே முறுக்குவதால், கைகளின் வேலையைக் குறைத்து, கால்களையும் இடுப்பையும் கொண்டு அடிக்க முடிந்தது. இம்முறையை வளர்த்த பைரன் நெல்சன் 1945 இல் தொடர்ந்து 11 போட்டிகளில் வென்றார். மட்டைகளையும் பந்துகளையும் சோதிக்கும் இயந்திரம் ஒன்று அவரது வீச்சை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்டது.

ஹோகனின் கண்ணாடித்தளம்

பென் ஹோகன் 1957 இல் வெளியிட்ட 'ஐந்து பாடங்கள்' நூல் வீச்சுத்தளம் என்ற கருத்தைப் பரப்பியது. பந்திலிருந்து தோள்வரை சாய்ந்திருக்கும் ஒரு கண்ணாடிப் பலகையைக் கற்பனை செய்து, பின்வீச்சில் கைகள் அதை உடைக்காமல் செல்ல வேண்டும் என்றார். இந்நூல் பல தலைமுறைகளுக்குப் பாடநூலானது. ஆனால் பந்து இடப்புறம் வளைந்து செல்லும் குறையோடு பல ஆண்டுகள் போராடியவர் ஹோகன். அதைத் தவிர்க்க அவர் கண்ட பிடியை, பந்து வலப்புறம் வளையும் குறையுள்ள வலக்கைத் தொடக்கநிலையாளர் பின்பற்றினால் அவரது குறை கூடவே செய்யும். ஒருவரின் மருந்து மற்றவருக்கு நோயாகலாம் என்பதை இது காட்டுகிறது.

ஒருதளமும் இருதளமும்

2005 இல் பயிற்சியாளர் ஜிம் ஹார்டி, வீச்சுகளை இரண்டாகப் பிரித்தார். ஒருதள வீச்சில் கைகளும் தோள்களும் ஏறத்தாழ ஒரே தளத்தில் சுழலும். இருதள வீச்சில் தோள்கள் தட்டையாகத் திரும்ப, கைகள் அவற்றைவிடச் செங்குத்தாக உயரும். முதல் வகைக்கு ஹோகனும் இரண்டாம் வகைக்கு ஜாக் நிக்லசும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றனர். இரண்டுமே சரியானவை, ஒன்றின் பாடத்தை மற்றொன்றில் கலப்பதே தவறு என்பது ஹார்டியின் வாதம்.

தன் வீச்சை இனங்காணல்

பந்து செல்ல வேண்டிய திசைக்கு நேர் பின்னாலிருந்து வீச்சைக் காணொளியாக எடுத்து, பின்வீச்சின் உச்சியில் நிறுத்திப் பார்க்கலாம். வலக்கை ஆட்டக்காரரின் இடக்கை தோள்கோட்டோடு ஒட்டியிருந்தால் அது ஒருதளம். தெளிவாக மேலே இருந்தால் இருதளம். நிற்கும் நிலையும் துணைபுரியும்: ஒருதளத்தார் இடுப்பிலிருந்து நன்கு குனிவர், இருதளத்தார் நிமிர்ந்து நிற்பர்.

எவ்வகைக்கும் எளிதில் அடங்காத வீச்சுகளும் உண்டு. ஜிம் பியூரிக் மட்டையைச் செங்குத்தாக உயர்த்தி, கண்ணி போலச் சுழற்றி இறக்குவார். தந்தையிடம் கற்ற அவ்வீச்சை மாற்றாமலே 2003 இல் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றார். 2016 இல் பிஜிஏ தொடரில் முதன்முறையாக ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். வீச்சின் வடிவம் எதுவாயினும், பந்தைத் தொடும் கணத்தில் மட்டைமுகம் எங்கு நோக்குகிறது, மட்டை எப்பாதையில் வருகிறது என்பவையே பந்தின் திசையை முடிவு செய்கின்றன.