மார்ட்டின் பைக்

மார்ட்டின் பைக் (பிறப்பு: 1972) ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தாட்ட வீரர். 1993 முதல் 2005 வரை ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் மெல்பேர்ன், ஃபிட்ஸ்ராய், நார்த் மெல்பேர்ன், பிரிஸ்பேன் லயன்ஸ் ஆகிய நான்கு கிளப்புகளுக்காக 247 ஆட்டங்கள் ஆடினார். 1999, 2001, 2002, 2003 ஆண்டுகளில் பட்டம் வென்ற அணிகளில் இவரும் இருந்தார். கிளப் விட்டுக் கிளப் மாறிய ஒருவருக்கு நான்கு பட்டங்கள் வாய்ப்பது மிக அரிது.

ஆட்டமும் ஆள் சேர்ப்பும்

நீள்வட்ட மைதானத்தில் பக்கத்துக்கு 18 பேர் ஆடும் ஆட்டம் இது. ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். உதைத்த பந்து நடுக் கம்பங்களிடையே போனால் 6 புள்ளி. பக்கக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. புதிய வீரர்களைக் கிளப்புகள் 'டிராஃப்ட்' முறையில் தேர்ந்தெடுக்கின்றன. முடிந்த பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். ஒரு கிளப் விடுவித்த வீரரை இதே முறையில் இன்னொரு கிளப் எடுத்துக்கொள்ளலாம். பைக்கின் ஆட்ட வாழ்க்கை இந்த வழியில்தான் நீண்டது.

மெல்பேர்ன், ஃபிட்ஸ்ராய்

தெற்கு ஆஸ்திரேலியாவின் நார்வுட் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த பைக்கை 1992 டிராஃப்டில் மெல்பேர்ன் எடுத்தது. இரண்டு பருவங்களுக்குப் பின் அவர் ஃபிட்ஸ்ராய்க்குப் போனார்.

பழம்பெரும் கிளப்பான ஃபிட்ஸ்ராய் அப்போது கடனில் மூழ்கியிருந்தது. 1996இல் ஆடிய 22 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்றது. செப்டம்பர் 1 அன்று பெர்த் நகரின் சுபியாக்கோ மைதானத்தில் ஃப்ரீமாண்டிலிடம் 86 புள்ளி வித்தியாசத்தில் தோற்றதே அதன் கடைசி லீக் ஆட்டம். வாரந்தோறும் தோற்றுக்கொண்டிருந்த அந்த அணியில் ஆண்டின் சிறந்த வீரர் விருதைப் பைக் பெற்றார். லீக்கில் ஃபிட்ஸ்ராய் வழங்கிய கடைசி விருதும் அதுவே. வெற்றிக்கு வழியில்லாத பருவத்திலும் ஆட்டத்தில் குறை வைக்காதவர் என்பதற்கு அதுவே சான்று.

ஃபிட்ஸ்ராய் பிரிஸ்பேன் பேர்ஸுடன் இணைக்கப்பட்டு, பிரிஸ்பேன் லயன்ஸ் உருவானது. ஃபிட்ஸ்ராயிலிருந்து எட்டு வீரர்களைப் புதிய கிளப் சேர்த்துக்கொண்டது. பைக் அந்த எட்டுப் பேரில் இல்லை.

நார்த் மெல்பேர்ன்

1997இல் டெனிஸ் பேகனின் பயிற்சியில் இருந்த நார்த் மெல்பேர்னில் சேர்ந்தார். 1998 இறுதி ஆட்டத்தில் அடிலெய்டிடம் 35 புள்ளியில் தோற்ற அந்த அணி, மறு ஆண்டு கார்ல்டனை அதே 35 புள்ளியில் வென்றது. பைக்கின் முதல் பட்டம் அது. 2000 பருவம் முடிந்ததும் கிளப் அவரை விடுவித்தது.

பிரிஸ்பேன் லயன்ஸ்

நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்த்துக்கொள்ளாத பிரிஸ்பேனே இப்போது அவரை அழைத்தது. பயிற்சியாளர் லீ மேத்யூஸ் பட்டம் வெல்லும் அணியொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டவர்கள் பெரிய ஆட்டங்களில் தடுமாறாத அனுபவசாலிகள். முன்களம், நடுக்களம், பின்களம் என எங்கு நிறுத்தினாலும் ஆடக்கூடிய 28 வயதுப் பைக் அந்தத் தேவைக்குப் பொருந்தினார்.

2001 இறுதி ஆட்டத்தில் எஸ்ஸெண்டனை 26 புள்ளியில் பிரிஸ்பேன் வென்றது. 2002இல் மழையில் நனைந்த மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் காலிங்வுட்டுக்கு எதிராகக் கடைசி நிமிடங்கள் வரை இழுபறி நீடித்தது. 75-66 என 9 புள்ளியில் பட்டம் தக்கவைக்கப்பட்டது. 2003இல் அதே காலிங்வுட்டை 50 புள்ளியில் வீழ்த்தியது. மெல்பேர்ன் 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்ற பிறகு, வேறெந்த அணியும் எட்டாதிருந்த சாதனை இது. ஃபிட்ஸ்ராயில் பைக்குடன் ஆடிய கிறிஸ் ஜான்சனும் இந்த மூன்று வெற்றிகளிலும் இருந்தார். பைக் 2005இல் ஓய்வு பெற்றார்.

மதிப்பீடு

ஒரே கிளப்பில் தொடங்கி அங்கேயே முடிப்பவர்களைத்தான் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள். கிளப் மாறுகிறவரை எங்கும் நிலைக்காதவர் என்று ஒதுக்குவதும் உண்டு. அந்தக் கணிப்பு தவறு என்பதற்குப் பைக்கின் வாழ்க்கையே போதும். ஓர் அணி வேண்டாம் என்றதை வைத்து வீரரின் திறமையை அளந்துவிட முடியாது. அந்த அணிக்கு அப்போது யார் தேவை, யாரை வைத்துக்கொள்ள முடியும் என்பதையே அது காட்டும். தோற்கும் அணியில் முதல்வராகவும், வெல்லும் அணியில் நட்சத்திரங்களுக்குத் துணையாகவும் ஒரே மனிதர் ஆடியிருக்கிறார். இரண்டுமே ஆட்டத்துக்குத் தேவையான பங்களிப்புகள்.