திசைமாறும் லிங்க்கும் சிதறும் பொறுப்பும்: ஜவ்வாது மலையை முன்வைத்து

ஸ்பேம் செய்தியில் கண்ணுக்குத் தெரியும் லிங்க் ஒன்று. அதைத் தொட்டவர் போய்ச் சேரும் பக்கம் வேறொன்று. நடுவே இரண்டு மூன்று முகவரிகள் நொடிப்பொழுதில் கடந்துபோகின்றன. இந்தத் திசைமாற்றத்தை, அதாவது ரீடைரக்ட்டை, முகவரியை மறைக்கும் தந்திரம் என்றே நம்மிடையே விளக்குகிறார்கள். அந்த விளக்கம் போதாது. திசைமாற்றம் முகவரியை மறைப்பதைவிடப் பொறுப்பைப் பிரித்துப்போடுகிறது என்பதே என் வாதம். இந்த முகவரிச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. முழுச் சங்கிலியும் எவர் கையிலும் இல்லை. நம் புகார் முறைகளோ ஒரே எண், ஒரே லிங்க் என்ற எதிர்பார்ப்பில் அமைந்தவை. இந்த இடைவெளியின் விலையை ஜவ்வாது மலை போன்ற பகுதிகளே அதிகமாகக் கொடுக்கின்றன.

செயல்முறை எளியது. உலாவி ஒரு முகவரியைக் கேட்கிறது. அங்குள்ள சேவையகம் பக்கத்தைத் தராமல், 301 அல்லது 302 என்ற குறியோடு வேறொரு முகவரியைச் சொல்கிறது. உலாவி மறுபேச்சின்றி அங்கே போகிறது. பக்கத்துக்குள் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்டாலும் இதையே செய்யலாம். இதில் குற்றம் எதுவுமில்லை. இடம்மாறிய தளங்கள் இந்த வழியில்தான் பழைய வாசகர்களைத் தக்கவைக்கின்றன. 2002இல் வந்த டைனியூஆர்எல், 2008இல் வந்த பிட்லி போன்ற சுருக்குச் சேவைகள் முழுக்க இதன்மேல் நிற்பவையே.

தமிழில் சுருக்கு லிங்க்கின் தேவை கூடுதல். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். யூனிகோடு தமிழில் 70 இடங்கள்தான். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால், நம் கண்ணுக்கு எட்டு எழுத்தாகத் தெரியும் ‘ஜமுனாமரத்தூர்’ என்ற ஜவ்வாது மலை ஊரின் பெயர் 13 இடங்களை எடுத்துக்கொள்கிறது. எனவே தமிழில் செய்தி அனுப்பும் எந்த அலுவலகமும் வங்கியும் லிங்க்கைச் சுருக்கியே தீர வேண்டிய நெருக்கடியில் இருக்கிறது. சுருக்கிய லிங்க்கையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மோசடிக்காரர் அனுப்புவதும் அதே முகத்தோடு வருகிறது. ‘தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள்’ என்ற வழக்கமான அறிவுரை இங்கே வலுவிழக்கிறது. உண்மையானதும் தெரியாத லிங்க்தானே?

அரசு முகவரியை மட்டும் நம்புங்கள் என்பார்கள். 2024 மே மாதம் டெக்கிரஞ்ச் வெளியிட்ட செய்தி அந்த நம்பிக்கையையும் அசைத்தது. பீகார், கோவா, கர்நாடகம், கேரளம், மிசோரம், தெலங்கானா உள்ளிட்ட மாநிலங்களின் ‘ஜிஓவி.இன்’ முகவரிகளில் ஏறத்தாழ நான்கு டஜன் லிங்க்குகள் இணையச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. இதற்கு நெருங்கிய உறவுடைய ‘திறந்த திசைமாற்றம்’ என்ற பிழையும் உண்டு. தளத்தின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் எந்த முகவரியை ஒட்டினாலும் தளம் சரிபார்க்காமல் அங்கே அனுப்பிவிடும். இணையச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் முதல் பத்துக் குறைகள் பட்டியலில் 2010இலும் 2013இலும் இடம்பெற்ற இப்பிழை, 2017 பட்டியலில் இல்லை. பிழை உள்ள தளத்துக்கு நேரடி இழப்பு எதுவும் இல்லாததால்தான் இது எளிதில் அலட்சியப்படுத்தப்படுகிறது என்று நினைக்கிறேன். இழப்பு முழுவதும் அந்தத் தளத்தின் பெயரை நம்பியவருக்கு.

இன்னும் தீவிரமானது, ஆளைப் பார்த்து வழியை மாற்றும் முறை. நடுக்கண்ணியில் உள்ள சேவையகம் வருகிறவர் கைப்பேசியில் வருகிறாரா, கணினியிலா, எந்த நாட்டு ஐபி முகவரி, எந்த நிறுவனத்தின் நெட்வொர்க் என்பதையெல்லாம் பார்த்த பிறகே திருப்புகிறது. மலையில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்தவருக்குப் போலிப் பக்கம் வரும். அதே லிங்க்கை நகரத்து அலுவலகக் கணினியில் திறந்து பார்க்கும் அதிகாரிக்குக் கூகுள் முகப்போ வெற்றுப் பக்கமோ வரும். ஒருமுறை திறந்ததும் செத்துப்போகும் லிங்க்குகளும் உண்டு. ‘அப்படியொரு பக்கம் இல்லை’ என்று புகார் முடிக்கப்பட்டால், புகார் பொய்யென்று ஆகிவிடாது. பார்த்த இடம் வேறு, அவ்வளவே. ஆகவே எந்த நேரம், எந்தக் கருவி, எந்த நெட்வொர்க் என்பவை சாட்சியத்தின் பகுதி என்று ஏற்கப்பட வேண்டும்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்த ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் புளியும் தேனும் பிழைப்பு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை, நூறு நாள் வேலைக் கூலி என எல்லாமே வங்கிக் கணக்குக்கு வருகிறவை. வந்ததா என்பதைப் பலருக்கும் சொல்வது கைப்பேசிக் குறுஞ்செய்தி. பிஎம் கிசான் பெயரில் லிங்க்காக வரும் போலிச் செயலி பற்றித் தமிழ்நாட்டு இணையவழிக் குற்றப்பிரிவு 2024இல் எச்சரித்தது. அந்தச் செயலியின் ஏபிகே கோப்பை நிறுவினால் அது குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியை எடுத்துக்கொள்ளும். தவணைப் பணம் நின்றுவிடுமோ என்ற பயம் உள்ளவர் அந்த லிங்க்கைத் தொடுவதை அறியாமை என்று சொல்ல நான் தயாரில்லை. உண்மையான அரசுச் செய்தியும் ‘கேஒய்சி முடிக்கவும்’ என்றுதான் கேட்கிறது.

கண்ணி கண்ணியாகப் பிரிந்த பொறுப்பு என்னவென்று இந்த மலை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். இந்த மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. செம்மரம் வாங்குகிறவருக்கும் வெட்டப் போகிறவருக்கும் நடுவே தரகர்கள் அடுக்கடுக்காக இருக்க, குண்டு பாய்ந்தது கடைசியில் நின்றவர்மேல். இணைய மோசடியிலும் முதலில் பிடிபடுவது பெரும்பாலும் கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட ஏழைதான்.

புகாருக்கு வருவோம். பணம் போய்விட்டால் முதல் வேலை 1930 எண்ணுக்கு அழைப்பது; கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் தாவுவதற்குள் முடக்கும் வாய்ப்பு அதில் உண்டு. எழுத்துமூலப் புகாரைத் தேசிய சைபர் கிரைம் தளத்தில் பதியலாம். பணம் போகாமல் செய்தி மட்டும் வந்திருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கிய சக்ஷு வசதியில் தெரிவிக்கலாம். போலித் தளத்தைப் பற்றி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். கூகுளின் பாதுகாப்பு உலாவல் பிரிவுக்கும் தெரிவிக்கலாம். இவற்றில் எதற்குமே ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. லிங்க்கைத் திறக்காமல் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, முழு எழுத்துவடிவில் தர வேண்டும். மூலச் செய்தியை அழிக்கக் கூடாது. பிட்லி லிங்க்கின் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்தால் அது எங்கே போகிறது என்று அத்தளமே காட்டும். ஆனால் அது காட்டுவது அடுத்த கண்ணியைத்தான். கடைசிக் கண்ணியை அல்ல.

கடைசிப் பக்கத்தை மட்டும் முடக்கினால் மோசடிக்காரர் நடுக்கண்ணியில் ஒரு வரியை மாற்றிப் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவார். ஏற்கெனவே அனுப்பிய ஆயிரம் செய்திகளும் மறுபடி உயிர்பெறும். முதல் லிங்க்கை மட்டும் முடக்கினால் புதிய சுருக்கு லிங்க் சில நொடியில் பிறக்கும். எனவே சுருக்குச் சேவை, நடு முகவரியின் பதிவாளர், கடைசிப் பக்கத்தைத் தாங்கும் நிறுவனம் ஆகிய மூவருக்கும் ஒரே புகார், முழுச் சங்கிலியோடு, ஒரே வேளையில் போக வேண்டும். 2024 ஏப்ரல் 5 முதல் இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் ஒப்பந்தம் பதிவாளர்களை ஃபிஷிங், மால்வேர் ஆகியவற்றின்மேல் நடவடிக்கை எடுக்கக் கட்டாயப்படுத்துகிறது. ஸ்பேம் மட்டும் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. இத்தீங்குகளைச் சுமந்து வரும் ஸ்பேமுக்கே உண்டு. ஆகவே ‘ஸ்பேம் வந்தது’ என்று எழுதிய புகார் குப்பைக்குப் போகலாம். ‘இந்த லிங்க் போலி வங்கிப் பக்கத்துக்குப் போகிறது’ என்று எழுதியதைப் பதிவாளர் எளிதில் ஒதுக்க முடியாது.

தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையம் 2024 அக்டோபர் 1 முதல், முன்பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்கச் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒப்பிடப்படுவது செய்தியில் உள்ள முகவரி. அனுமதி பெற்றபின் அது யாரை எங்கே திருப்புகிறது என்பது சேவையகத்துக்குள் நடப்பது. சாதாரண சிம்மிலிருந்து வருவதும் வாட்ஸ்அப்பில் வருவதும் அந்த வலைக்குள்ளேயே இல்லை.

இத்தனை கண்ணிகளையும் பிரித்துப் புகார் எழுதும் வேலையை லிங்க் வந்தவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. சங்கிலியைப் பிரிக்கும் மென்பொருள் புகாரைப் பெறும் தளத்திலேயே இருக்க வேண்டும். ஒட்டப்பட்ட லிங்க்கை அது இந்தியக் கைப்பேசி நெட்வொர்க் வழியாகத் திறந்து, ஒவ்வொரு கண்ணியையும் நேரத்தோடு பதிந்து, உரிய நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை, சான்றிதழுக்கும் திட்டங்களுக்கும் மக்கள் ஏற்கெனவே வந்துபோகும் இ-சேவை மையங்களில், கட்டணமில்லாமல், செய்தியோடு வருகிறவரின் புகாரைத் தமிழில் எழுதிப் பதிந்துகொடுக்க அரசு உத்தரவிடலாம்.