குதிரையேற்றப் பயிற்சி

குதிரையேற்றப் பயிற்சி என்பது, முதுகில் ஏறிய பாரத்தைக் குதிரை சமநிலை குலையாது தாங்கிச் செல்லவும், ஏறியவன் அதன் நடைக்கு இடையூறாகாது அமர்ந்து தன் எண்ணத்தை அதற்கு உணர்த்தவும், இரு ஜீவன்களும் சேர்ந்து பழகிவரும் அப்பியாசமாகும். குதிரையை அடக்கிவிட்டால் போதும் என்பது பாமர அபிப்பிராயமே. சவாரி செய்பவனின் இருக்கை கோணலாயிருக்கும்வரை குதிரையின் நடையும் நேராகாது.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களின்மேல் விழுகிறது. மனிதன் அமரும் இடமும் அவற்றுக்கு அண்மையில் இருப்பதால், பழகாத குதிரை புதிய பாரத்தைச் சமாளிக்க முதுகை இறுக்கிக்கொள்ளும், அல்லது கடிவாளத்தின்மேல் சாய்ந்து விரையும். பின்கால்களை வயிற்றின்கீழ் நன்கு எட்டி வைத்து, பாரத்தில் ஒரு பங்கை அவற்றின்மேல் ஏற்க அதற்குத் தசைவலிமை வேண்டும். அது வருஷக்கணக்கில் வளர்வது. எலும்புகள் முற்ற 5 அல்லது 6 வயதாகுமாதலின், 3 வயதுக்குமுன் சவாரிக்குப் பழக்குவதை நிதானமுள்ள பயிற்சியாளர் விரும்புவதில்லை. முதலில் நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தி, பிறகு வெறுஞ்சேணம் பூட்டி, அதன்பின்னரே ஆளை ஏற்றுவர். புதிதாகச் சவாரி கற்பவனையும் அதே வட்டத்தில், அங்கவடியும் கடிவாளமும் இன்றி அமர்த்துவதுண்டு. குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்கும் வழக்கம் அவனுக்கு ஏற்படாதிருக்க அதுவே உபாயம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கரான செனபோன் பலாத்காரத்தைக் கண்டித்தார். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆசிரியர் கெரினியேர், குதிரையின் தோளைச் சற்று உட்புறம் திருப்பி நடத்தும் அப்பியாசத்தால் அதன் விலாவைத் தளர்த்தும் முறையை விரித்தெழுதினார்.

இப்பயிற்சி இல்லாவிடில் நேர்வது யாதென்பதைப் பாண்டியநாட்டுச் சரித்திரம் காட்டுகிறது. மன்னார் வளைகுடாக் கரையில், தாமிரபரணி முகத்துவாரத்தில், காயல் துறைமுகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக அங்கு வந்திறங்கின. பாண்டியன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சுவதில்லை என்றும், லாடம் அடிப்போர் இங்கில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டி, 40 நாள் லாயத்தில் கட்டிக் கொழுக்கவைத்தபின், பழக்காமலும் அங்கவடி இன்றியும் வீரர்கள் ஏறிக்கொண்டு விரட்டினர் என்பது பாரசீக ஆசிரியர் வாசப் கூறும் செய்தி. அயலாருக்குரிய ஏளனம் இவ்விரு கூற்றுகளிலும் கலந்திருக்கலாம். சீதோஷ்ணமும் ஒரு காரணமாயிருந்திருக்கும். ஆயினும் பொன் கொடுத்துக் குதிரையை வாங்கிய அரசு, அதனைப் பழக்கும் வித்தையை அவ்வளவு சிரத்தையாக வாங்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. பாரதநாட்டில் அவ்வித்தைக்கு நூல்கள் இல்லாமலில்லை. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் 1952இல் பதிப்பித்தது. அமரகோசமோ குதிரையின் கதிகளை ஆஸ்கந்திதம், தௌரிதகம், ரேசிதம், வல்கிதம், பிலுதம் என ஐந்தாக வகுத்துள்ளது.

ஓசைக்குப் பழக்குவது பயிற்சியின் தனிப்பகுதி. ஆபத்தென்று கண்டால் ஓடித் தப்புவது குதிரையின் இயல்பு. கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் பின்புறத்து அசைவும் அதனை உலுக்கும். சிவகாசி வட்டாரத்து வேட்டுச் சத்தத்துக்குக் காது கொடாமல் நிற்பவை அய்யனார் கோயில் மண்குதிரைகளே. உயிருள்ள குதிரைக்கு முதலில் தொலைவில் மெல்லிய ஓசை, அது தீவனத்தில் வாய்வைக்கும் அளவுக்கு அமைதியுற்றபின் சற்று அண்மையில் என்று படிப்படியாகத்தான் பழக்க இயலும். சவாரி செய்பவன் வெடியை எதிர்பார்த்துத் தொடையை இறுக்கினால், அந்த அச்சம் சேணத்தின் வழியே குதிரைக்கு எட்டிவிடும். ஆகவே சென்னைக் கடற்கரையில் ஜனக்கூட்டத்திடையே செல்லும் குதிரைப்படைக் காவலர் போன்றோர் விஷயத்தில் குதிரை, ஆள் இருவருக்கும் இப்பழக்கம் இன்றியமையாதது.

அனுபவமற்ற ஆளுக்கு முதிர்ந்த குதிரையையும், இளங்குதிரைக்கு முதிர்ந்த ஆளையும் இணைப்பது பொதுவிதி. கிண்டி போன்ற பந்தயத் திடல்களில் 2 வயதிலேயே குதிரைகள் ஓடத் தொடங்குவதால், அங்கிருந்து விலக்கப்பட்டுச் சவாரிப் பள்ளிகளுக்கு வருபவற்றைத் திரும்பப் பழக்குவது நீண்ட வேலை. கடிவாளம் இறுகுவதை விரைந்தோடும் ஆணையாக அவை கற்றிருக்கும். அதனை மறக்கச் செய்வதற்காகத் தொடக்கத்தில் ஓட்டமே இன்றி, கடிவாளத்தைத் தளர்த்தி நடை ஒன்றையே பழக்குவர்.