கையும் கருத்தும்

மனிதனுக்கு அறிவு முதிர்ந்த பின்னர் அவன் கருவி செய்தானா, அன்றிக் கருவி செய்து செய்தே அவனுக்கு அறிவு முதிர்ந்ததா? இவ்வினா தொல்பொருள் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. கையால் உழைப்போரைத் தாழ்த்தியும், கருத்தால் உழைப்பதாகச் சொல்லிக்கொள்வோரை உயர்த்தியும் பழகிய சமுதாயம் ஒவ்வொன்றும், அறிந்தோ அறியாமலோ, இதற்கு ஒரு விடையை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றது. அவ்விடை விஞ்ஞானத்தையே வழிதவறச் செய்ததற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகும்.

1912ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் கூட்டமொன்றிலே, சாள்ஸ் டோசன் என்ற சட்டத்தரணியும் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த ஆதர் சிமித் வூட்வேட் என்ற அறிஞரும் சில எலும்புத் துண்டுகளைக் காட்டினர். பில்ட்டவுன் என்னும் ஊரிலே சரளைக் கற்களிடையே கிடைத்தவை அவை. மண்டையோடு மனிதனுடையதுபோற் பெரிது. தாடையெலும்போ வாலில்லாக் குரங்கினுடையதை ஒத்தது. மூளையே முதலில் வளர்ந்தது, உடலின் ஏனைய மாற்றங்கள் அதனைப் பின்தொடர்ந்தன என்று நம்பியிருந்த அறிஞர்கள் இதனை மகிழ்ந்து வரவேற்றனர்.

1924இல் தென்னாபிரிக்காவின் தோங் என்னுமிடத்திற் குழந்தையொன்றின் மண்டையோடு கிடைத்தது. அதனை ஆராய்ந்த றேமண்ட் டார்ட், மறு ஆண்டு தம் முடிபை வெளியிட்டார். மூளை சிறிது, ஆயினும் முண்ணாண் புகும் துளையின் நிலை, அவ்வுயிர் நிமிர்ந்து நடந்தது என்பதைக் காட்டிற்று. அஃதாவது, பில்ட்டவுன் சொன்னதற்கு நேர்மாறான கதை. இங்கிலாந்தின் பேரறிஞர்கள் அதனை ஏற்க மறுத்தனர். அவர்களுள் முதன்மையானவரான ஆதர் கீத் தம் தவற்றை ஒப்புக்கொள்ள 1947ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

1953இல் உண்மை வெளிப்பட்டது. பில்ட்டவுன் மண்டையோடு பிற்கால மனிதனுடையது. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. பழமை தோன்றும்படி அவற்றுக்குச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. பற்களிலே அரத்தால் அராவிய கீறல்கள் இருந்தன. கண்டுபிடிக்க முடியாத நுட்பமான மோசடியன்று இது. நாற்பது ஆண்டுகளாக அக்கீறல்கள் அங்கேயே இருந்தன. தலையே தலைமையானது என்ற கொள்கைக்கு அவ்வெலும்பு துணைநின்றமையால், பலர் அதனை ஐயுற்று நோக்கத் தவறினர்.

இம்மயக்கத்தின் வேரை ஏங்கல்ஸ் 1876இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். மனிதக் குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பின் பங்கு பற்றிய அவருடைய கட்டுரை, அவர் மறைந்தபின் 1896இல் வெளிவந்தது. நிமிர்ந்த நடை கையை விடுவித்தது. விடுபட்ட கை உழைப்பிலே தேர்ந்தது. கூடி உழைத்தோர்க்குப் பேச வேண்டிய தேவை பிறந்தது. உழைப்பும் மொழியும் சேர்ந்து மூளையை வளர்த்தன என்பது அவர் வாதம். திட்டமிடும் தலை ஒருவருடையதாகவும் செய்து முடிக்கும் கை வேறொருவருடையதாகவும் சமுதாயம் பிரிந்தபோது, நாகரிகத்தின் பெருமையனைத்தும் தலைக்கே உரியதாக எண்ணப்பட்டது என்றும் அவர் விளக்கினார்.

பின்னர்க் கிடைத்த சான்றுகள் வரிசையைப் பொறுத்தவரை அவர் பக்கமே நிற்கின்றன. 1974இல் எதியோப்பியாவிற் கிடைத்த, 'லூசி' எனப் பெயரிடப்பட்ட எலும்புக்கூடு ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. மூளை சிம்பன்சியின் அளவினதே, நடையோ நிமிர்ந்த நடை. கென்யாவின் லொமெக்வியிற் கிடைத்த கற்கருவிகள் 33 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவையென 2015இல் அறிவிக்கப்பட்டது. பெரிய மூளையுடைய மனித இனம் எதுவும் அக்காலத்தில் வாழ்ந்ததற்குச் சான்றில்லை.

ஆயின், கருவி செய்வது மனிதனுக்கு மட்டுமே உரியதா? 1960இல் தன்சானியாவின் கொம்பேக் காட்டிலே, சிம்பன்சிகள் குச்சியின் இலைகளை உருவிவிட்டு, அதனைப் புற்றினுள் நுழைத்துக் கறையான் பிடிப்பதை ஜேன் குடால் கண்டார். ஆகவே வேறுபாட்டைக் கருவியின் உண்மையிலன்றி, அதனைச் செய்யும் முறையிலே தேட வேண்டும்.

சென்னைக்கு வடமேற்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கைக்கோடரிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுட் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவையென 2011இல் கணிக்கப்பட்டது. நம்மினமோ தோன்றி ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. கைக்கோடரி செய்வோன் ஒரு கல்லை மற்றொரு கல்லால் அடித்துச் சில்லுச் சில்லாகப் பெயர்க்க வேண்டும். கருவி செய்வதற்கே ஒரு கருவி! ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு இடம் வகுக்க வேண்டும். கோணம் பிழைத்தாற் கல் பாழாகும். இன்னும் பிறவாத வடிவத்தை மனத்திலே தாங்கி நிற்பது இச்செயல். இன்று இதனைச் செய்து பார்க்கும் ஆராய்ச்சியாளருக்கும் பல மாதப் பயிற்சி வேண்டியிருக்கின்றது. கல்லிற் பதிந்துள்ளது தனியொருவனின் திறன் மட்டுமன்று. பார்த்துப் பழகியவர்களின் நெடுந்தொடர்.

இங்கு ஏங்கல்ஸையும் நாம் திருத்திக்கொள்ளல் வேண்டும். உழைப்பாற் பெற்ற திறன் உடல்வழியே பிள்ளைகளுக்கு இறங்கும் என்று, அக்காலத்து அறிஞர் பலரைப் போலவே, அவரும் கருதினார். அது பிழையென்று பின்வந்த மரபியல் காட்டிற்று. தச்சனின் கைப்பழக்கம் அவன் மகனின் குருதியில் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகவே கற்க வேண்டும். இத்திருத்தம் அவருடைய அடிப்படைக் கருத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகின்றது. கருவி காட்டும் மனம், பிறரிடமிருந்து கற்ற மனம், சமுதாயத்தின் மனம்.

தொழில் இரத்தத்தில் ஊறியது என்று சொல்லி ஒருவனைத் துடியிலும் ஒருவனைத் துறையிலும் கட்டிவைத்த சாதிமுறைக்கு இதனினும் தக்க மறுப்பு வேறில்லை. பில்ட்டவுன் பொய் வெளிப்பட்ட அதே 1953இல், கிராமப் பிள்ளைகள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பயில வேண்டுமென்ற திட்டம் சென்னை மாநிலத்தில் இராஜாஜியின் அரசாற் கொணரப்பட்டது. குலக்கல்வியென மக்கள் அதனை எதிர்த்தனர். மறு ஆண்டு அது கைவிடப்பட்டது. தொழில் கற்பித்தது அதன் குற்றமன்று. பிறப்பைப் பார்த்துத் தொழிலைப் பங்கிட்டதே குற்றம்.

நம் வகுப்பறைகளிலும் அப்பழைய மண்டையோடு இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேதான் இருக்கின்றது. படிக்காவிட்டால் மண்வெட்டி பிடிக்கத்தான் போவாய் என்று மாணவனை அச்சுறுத்தும் ஆசிரியர், மண்வெட்டியில் உறைந்திருக்கும் அறிவை அறியாதவராகின்றார். அம்மாணவனின் தந்தையும் அதே மண்வெட்டியைப் பிடிப்பவராயிருக்கலாம். உளியும் பேனாவும் எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் எட்டும் நாளிலேதான், தலையும் கையும் ஒரே உடலின் உறுப்புகள் என்ற எளிய உண்மை நம் சமுதாயத்தில் நிலைபெறும்.