விதியா, கடனா?

விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, வேந்தர் வாகை சூடிய களமன்று. எனினும் பொருளாதார வரலாற்றில் அதற்கோர் இடமுண்டு. தந்தது ஓர் அறிக்கை!

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம்? கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? கேட்டார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். இருவேல்பட்டு உள்ளிட்ட ஊர்களின் அறிக்கைகள் 1918-இல் நூலாயின.

அதில் நாம் காண்பதென்ன? தந்தை பட்ட கடனுக்காக மைந்தனும் நிலவுடைமையாளரிடம் கட்டுண்டு கிடந்த படியாள் முறை! தீண்டாமைக்கு ஆளானோரே அந்நுகத்தைச் சுமந்தனர். பழமை அதனைத் ‘தலைவிதி’ என்றது. அறிக்கையோ ‘கடன்’ என்றது. விதிக்குக் கணக்கில்லை, கடனுக்கு உண்டு. கணக்குள்ளதைத் தீர்க்கவும் முடியும்!

ஆய்வாளர்கள் 1930-களிலும், 1981-லும், 2008-லும் அவ்வூருக்கு மீண்டும் சென்றனர். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததை இறுதி ஆய்வு பதிந்தது. முதற்கணக்கு இல்லையேல், மாற்றத்தை எதனோடு ஒப்பிட்டு அறிவது?

தொழிற்கடனுக்குத் திட்ட அறிக்கை எழுதும் திண்டிவனத்து இளைஞருக்கும், சாலை கேட்டு மனு எழுதும் தோழருக்கும் பாடம் ஒன்றே. அடைமொழி அடுக்குவதால் அறிக்கை ஆகாது. ஊருக்குச் செல்வோம், உழைப்பவரைக் கேட்போம், எண்ணுவோம், பின்னரே எழுதுவோம்!